யந்திரத்தின் தீர்ப்பும் மாணவரின் சோதனையும்

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழிற்சாலைப் பிரதேசத்தில் வேலை தேடி வரும் ஸ்திரீகளிடம் “விவாகமாகி விட்டதா?” என்று கேட்கப்படுவதாக 2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர்ஸ் ஸ்தாபனம் வெளியிட்ட செய்தி நேயர்களுக்கு ஞாபகமிருக்கலாம். ஐபோன்களைப் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுகிறதென்பது குற்றச்சாட்டு. கம்பெனியார் அதை மறுத்தனர். மத்திய சர்க்கார், அப்போது அமுலிலிருந்த 1976-ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தின் 5-வது பிரிவைச் சுட்டி, தமிழ்நாட்டு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது.

அந்த விவகாரத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. கேள்வி கேட்டவர் மனிதர். அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விண்ணப்பங்களைப் பொறுக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்து விட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? அமேஸான் கம்பெனி அப்படி ஒரு முறையைச் செய்து பார்த்தது. பத்து வருஷங்களில் வந்த விண்ணப்பங்களைப் பாடமாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே, ‘பெண்கள்’ என்ற சொல் காணப்பட்ட விண்ணப்பங்களை அது தாழ்த்தி மதிப்பிட்டது. கம்பெனி அதைக் கைவிட்டதும், 2018-ல் விஷயம் வெளியானதும் பிரசித்தம். பெண்களை ஒதுக்கும்படி அதற்கு எவரும் கட்டளையிடவில்லை. பழைய வழக்கமே அதற்கு ஆசானாயிற்று. நமது ஆலைகளில் இப்படி நடக்கிறதென்று நாம் சொல்லவில்லை. மணமானவர்களை ஒதுக்கிய ஏட்டை எந்த ஆலையாவது யந்திரத்துக்குப் பாடமாக வைத்தால், அது அதே பாடத்தை, ஒரு கேள்வியும் கேளாமல், ஒப்புவிக்கும் என்கிறோம்.

அல்காரிதம் எனப்படும் இக்கணக்கு முறைகளை வெளியிலிருந்தே சோதிக்க முடியும் என்று காட்டியவர்களில் மாணவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் மாணவியாயிருந்த ஜாய் புலாம்வினி என்னும் கறுப்பினப் பெண்ணின் முகத்தை, அவர் ஒரு வெள்ளை முகமூடியை அணியும் வரையில், யந்திரம் முகமென்றே ஒப்பவில்லை! அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆறு தேசங்களின் சட்டசபை அங்கத்தினர்களுடைய படங்களைச் சேகரித்து, டிம்னிட் கெப்ரு என்பவருடன் சேர்ந்து, மூன்று பெரிய கம்பெனிகளின் கருவிகளைப் பரீட்சித்தார். ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர் நிற ஆண்கள் விஷயத்தில் பிழை 0.8 சதவிகிதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவிகிதம் வரை சென்றது. 2018-ல் முடிவு வெளியானபின் அக்கம்பெனிகள் தங்கள் கருவிகளைத் திருத்த நேர்ந்தது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் ஜாதி, மதம், ஆண்-பெண் வேற்றுமை, அங்கஹீனம், செல்வ நிலை என்னும் ஐந்து விஷயங்களில் 2,575 வாக்கியங்களைத் தொகுத்து, பேசும் யந்திரங்களைச் சோதித்தார்கள். சோதித்த யாவற்றிலும் ஏதோவொரு பாரபட்சம் இருந்தது. அங்கஹீனர்களைப் பற்றியது பிடிவாதமாக நின்றது. மதத்தைப் பற்றியது குறைவாயிருந்தது. உலகில் பலர் இதற்கு முன் செய்த திருத்த முயற்சிகளே அதற்குக் காரணமாயிருக்கலாமென்று அவர்கள் கருதுகிறார்கள். ஆகவே நெருக்கிக் கேட்டால் யந்திரமும் திருந்தும் போலும்!

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இஞ்சினீயரிங் கலாசாலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாளை தனக்கு உத்தியோகம் கொடுக்கப்போகிற கம்பெனியை இன்று சோதிக்க எந்த மாணவன் துணிவான்? துணிந்தாலும், “வியாபார ரகசியம்” என்று கதவடைப்பார்கள். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேலேறி, குரு ரகசியமாய் உபதேசித்ததை ஊரறியச் சொன்னதாகக் குருபரம்பரை கூறும் ராமானுஜர் பிறந்த ஊரில் இப்படி ஒரு ரகசியம்! 2023-ம் வருஷத்து டிஜிடல் தகவல் பாதுகாப்புச் சட்டமும், யந்திரம் ஒருவரைத் தள்ளியதற்குக் காரணம் கேட்கும் உரிமையை அளிக்கவில்லை. நியூயார்க் நகரிலோ, ஆட்களைப் பொறுக்கும் இத்தகைய கருவிகளை வருஷந்தோறும் அந்நியரைக் கொண்டு சோதித்து முடிவைப் பிரசுரிக்க வேண்டுமென்ற சட்டம் 2023 ஜூலை முதல் அமுலாகி வருகிறது.

அத்தகைய சட்டம் இங்கு வரும் வரையில் தமிழ்நாட்டு சர்க்கார் காத்திருக்க வேண்டியதில்லை. நிலமும் சலுகையும் கொடுத்து ஆலைகளுடன் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், ஆள் எடுக்கும் கருவி எதுவாயினும் அதைக் கலாசாலை மாணவர்களின் சோதனைக்குத் திறந்துவிட வேண்டுமென்று ஒரு ஷரத்தைச் சேர்க்கட்டும்.