பாடாத ரேடியோவும் கடிக்கும்

தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. ஆனால் அந்தக் குரல் எப்படிப் பெரிதாகி நேயர்களிடம் போகிறது என்று கேட்டால், போன வருடம் வரை எனக்குப் பதில் தெரியாது. மீடியா படிப்பில் கற்காததைக் கற்றுக்கொடுத்தது, தாத்தா விட்டுப்போன வால்வு ரேடியோ.

எஸ்டேட் வீட்டில் இருந்த அந்த மரப்பெட்டியை மீண்டும் பாட வைக்க ஆசைப்பட்டேன். எங்கள் தாமானில் ஓர் அங்கிள் இருக்கிறார். ஒரு காலத்தில் ரேடியோ பழுதுபார்த்தவர். பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை நேராக பிளக்கில் செருகக் கூடாது, பழைய மின்தேக்கி வெடிக்கலாம் என்று சொல்லி, முதலில் அவற்றைப் புதிதாக மாற்றினார். பிறகு ஒரு வால்வைக் கையில் கொடுத்தார்.

"கேத்தல்ல தண்ணி கொதிச்சா ஆவி வருதுல்லம்மா? இதுவும் அப்படித்தான்."

வால்வின் நடுவில் கேத்தோடு என்ற சிறு உலோகக் குழல். அதற்குள் இருக்கும் இழை, பெரும்பாலும் 6.3 வோல்ட்டில், அதைச் செந்தணலாகச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் ஆவிபோல வெளியே வருகின்றன. சுற்றிலும் இருக்கும் பிளேட்டுக்கு 250 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்களை அது இழுத்துக்கொள்ளும். காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் மோதிச் சிதறும், இழையும் எரிந்துபோகும். அதனால்தான் உள்ளே வெற்றிடம். கண்ணாடியின் உள்பக்கத்தில் வெள்ளிபோல மின்னும் பூச்சு, மிச்சமிருக்கும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அது வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது என்று அர்த்தம்.

பிளேட் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அதிலிருந்து எலக்ட்ரான் திரும்பி வராது. மின்சாரம் ஒரு பக்கம்தான் ஓடும். 1904இல் ஜான் ஃபிளெமிங் இதைப் பயன்படுத்தி முதல் வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பியைச் சேர்த்தார். அதுதான் கிரிட். அதில் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம், பிளேட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாயைத் திருக இரண்டு விரல் போதுமே, அதுபோல. மெல்லிய குரல் பெரிய சத்தமாவது இப்படித்தான். 1947இல் டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் வால்வின் ஆட்சி மெல்ல முடிந்தது.

இவ்வளவும் தெரிந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் எல்லா வால்வுகளையும் கழற்றித் துடைத்தேன். மின்சாரத்தை ஒருவழிப்படுத்தும் வால்வை மட்டும் திரும்பப் பொருத்தி, எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே கையை விடப் போனேன். அங்கிள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பிளக்தானே புடுங்கின? உள்ள இருக்கிறத யாரு புடுங்கறது?"

மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். 300 வோல்ட்டுக்கு மேல்!

மற்ற வால்வுகள் இருந்திருந்தால், அணைத்த பிறகும் சூடு ஆறும்வரை அவை மின்தேக்கியில் இருப்பதை உறிஞ்சியிருக்கும். நான் அவற்றைக் கழற்றிவிட்டேன். வடிய வழியில்லாமல் மின்சாரம் அப்படியே நின்றது. செத்த வால்வு இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. பாடும் ரேடியோவைவிடப் பாடாத ரேடியோவிடம்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று அன்று புரிந்தது.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்கள் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணெதிரே வையுங்கள். மின்தேக்கியின் நேர்முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, உறை போட்ட கிளிப் ஒயரால் சில விநாடி பிடியுங்கள். ஸ்குரூடிரைவரால் உரசாதீர்கள், பொறி பறக்கும். பிறகு மீட்டரில் அளந்து பாருங்கள். எத்தனை மின்தேக்கி இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் அப்படியே. மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை பைக்குள் இருக்கட்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். தனியாக இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

தாத்தாவின் ரேடியோ இப்போது பாடுகிறது. போட்டதும் சத்தம் வராது. கேத்தோடு சூடாக அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பெட்டியை நான் திறக்கும்போதெல்லாம் அங்கிள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"அளந்தியாம்மா?"