அடுக்குமாடி வீடுகளும் சட்டத் துணையும்

நகரங்களில் நிலத்தின் விலை ஏற ஏற, தனி மனையில் வீடு கட்டிக்கொள்வது நடுத்தர வருமானமுள்ள குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று. ஒரே மனையில் பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் முறை இதனால் வளர்ந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து இத்தகைய வீட்டை வாங்குபவர் பெறுவது எதனை? நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடம் மட்டுமா? கட்டிடம் நிற்கும் நிலம் யாருடையது? மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி ஆகியவை யாருக்குச் சொந்தம்? இக்கேள்விகளுக்கு விடை காணவே தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன.

மகாராஷ்டிரத்தின் அனுபவம்

இடநெருக்கடி மிகுந்த பம்பாய் நகரைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம், 1963ஆம் ஆண்டிலேயே அடுக்குமாடி வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. நிலத்தின் மீது தமக்குள்ள உரிமையையும், அதிலுள்ள வில்லங்கங்களையும் கட்டுநர் வெளிப்படுத்த வேண்டும். விலையில் 20 சதவீதத்திற்கு மிகாத முன்பணத்தைப் பெறுவதற்கு முன்பே எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பதிவு செய்ய வேண்டும். வீடு வாங்கியோரைக் கொண்டு கூட்டுறவுச் சங்கம் முதலிய அமைப்பை ஏற்படுத்தி, நிலத்தையும் கட்டிடத்தையும் அதன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

1970ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு முறைக்கும் வழி வகுத்தது. கூட்டுறவு முறையில் நிலமும் கட்டிடமும் சங்கத்திற்குச் சொந்தம். உறுப்பினருக்கு அதில் பங்கும், தம் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு. புதிய முறையிலோ, ஒவ்வொருவரும் தம் வீட்டிற்கு நேரடி உரிமையாளர். அத்துடன் பொது இடங்களில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் அவருக்கு உண்டு. வீட்டை விற்றால் அப்பங்கும் உடன் செல்லும். அதனைத் தனியே பிரித்து விற்க இயலாது. கர்நாடகமும் மேற்கு வங்காளமும் 1972இல் இவ்வகைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

ஏட்டில் உள்ள உரிமை

சட்டம் இருந்தும், கட்டுநர்கள் பலர் நிலத்தை மாற்றித் தராமல் காலம் கடத்தினர். குடியேறியவர்களும், சாவி கையில் வந்ததும் வேலை முடிந்ததெனக் கருதி வாளாவிருந்தனர். இதன் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிய வரும். கட்டிடம் பழுதடைந்து, இடித்துக் கட்ட வேண்டிய நிலை வரும்போது, நிலம் தங்கள் பெயரில் இல்லை என்பதைச் சங்கத்தினர் உணர்வர். கூடுதல் தளங்கள் கட்ட அனுமதி கிடைக்குமாயின், அதன் பயனுக்கும் நிலத்தின் பழைய உரிமையாளர் போட்டியிடுவார்.

இக்குறையைப் போக்க 2008இல் மகாராஷ்டிரச் சட்டம் திருத்தப்பட்டது. கட்டுநர் பத்திரம் எழுதித் தர மறுத்தாலும், சங்கம் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் ஆவணங்களைச் சரிபார்த்து, கட்டுநரின் வாதத்தையும் கேட்டு, ஆறு மாதங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அவர் அளிக்கும் சான்றிதழைக் கொண்டு சங்கமே நிலத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். நிலப் பதிவேட்டுப் படிகளையும் விற்பனை ஒப்பந்தங்களையும் திரட்டி விண்ணப்பத்தை உருவாக்குவதில் வழக்கறிஞரின் துணை பெரிதும் பயன்படும்.

நாடு முழுவதற்குமான சட்டம்

2016இல் நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், எட்டு வீடுகளுக்கு மேல் அமையும் திட்டங்களைப் பதிவு செய்த பின்னரே விற்பனையைத் தொடங்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் 10 சதவீதத்திற்கு மேல் பெறலாகாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் கட்டுநர் தம் செலவில் சீர் செய்து தர வேண்டும். இவற்றை மீறினால் வீடு வாங்கியவரோ அவர்களது சங்கமோ ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம்.

நிர்வாகச் சிக்கல்கள்

குடியேறிய பின்னர் எழும் தகராறுகளும் பல. வாகனம் நிறுத்தும் இடம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மும்பை வழக்கொன்றில், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தூண்களுக்கிடையே உள்ள வாகன நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பராமரிப்புக் கட்டணம் மற்றொன்று. சிலர் செலுத்தத் தவறினால், மின்தூக்கி நிற்பதும் தண்ணீர் தடைப்படுவதும் அனைவரையும் பாதிக்கும். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் பதிவாளரிடம் விண்ணப்பித்து, இத்தொகையை நிலவரி நிலுவையைப் போல் வசூலிக்க முடியும். சங்கத்தின் துணை விதிகள் தெளிவாக வரையப்பட்டு, கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டால் பூசல்களில் பல எழாமலே போகும்.

இத்தகைய சட்டத் துணை வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறைந்த வருமானமுடையோர் முதலியோர் நீதிமன்ற வழக்குகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறலாம். மக்கள் நீதிமன்றங்களில் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளவும் வழியுண்டு.

வீடு வாங்குமுன் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் கட்டிட அனுமதியையும் வழக்கறிஞரிடம் காட்டி ஆலோசனை பெறுவதும், குடியேறிய பின்னர் தாமதமின்றிச் சங்கம் அமைத்து நிலத்தின் உரிமையைப் பெறுவதும் இன்றியமையாதவை. இதற்கு ஆகும் செலவு வீட்டின் விலையில் சிறு பகுதியே. இச்செலவுக்குத் தயங்குவோர் விட்டுச் செல்லும் சிக்கலை அவர்களது பிள்ளைகளே பின்னர் சுமக்க நேரிடும்.