வெட்டத்தான் வேண்டுமா?

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். சாவி தொலைந்துவிட்டது என்று வந்து நிற்பவனிடம், பூட்டை உடைத்துப் போடு என்று சொல்பவன் தொழிலாளி அல்லன். அரத்தை எடுத்து, அந்த ஒரே பூட்டுக்கென ஒரு சாவியை ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவித் திறந்து கொடுப்பவனே தொழிலாளி. நாம் இன்று எழுத வந்தது பூட்டைப் பற்றியல்ல, காலைப் பற்றி. என்றாலும் பட்டறைத் தோழர்களுக்கு இந்தச் சேதி மற்றவர்களைவிட விரைவில் விளங்கும்.

பட்டறைத் தோழர் ஒருவரின் மகன், வயது 15 என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்கு மேலே வீக்கம். பந்தாடும்போது பட்ட அடி என்கிறார் தந்தை. எண்ணெய் போட்டு நீவுகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், வீக்கம் வற்றாதபோது மந்திரிக்கிறார்கள். இரவிலே வலி, தூக்கமில்லை. மாதம் மூன்று ஓடிவிடுகிறது. அடியல்ல அது, எலும்புப் புற்றுநோய்! 10 முதல் 20 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் தோன்றுவது. முழங்காலை ஒட்டிய எலும்பில் குடியேறுவது. நீவ நீவக் கேடு. மந்திரித்த செலவுக்கு எத்தனை எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்!

முன்பெல்லாம் இந்நோய்க்கு ஒரே தீர்ப்பு, காலை வெட்டு என்பது. வெட்டிய பிறகாவது பிழைத்தார்களா? ஐந்தில் ஒருவர் பிழைத்தால் பெரிது. 1970-களில் புற்றுநோய் மருந்துகள் வந்து அந்தக் கணக்கை மாற்றின. நோய் நுரையீரலுக்குப் பரவும் முன் கண்டுபிடித்து, மருந்து முழுவதையும் முறையாகச் செலுத்தினால் இன்று பத்தில் ஆறு பேர் போலப் பிழைக்கிறார்கள். உயிர் நிற்கும் என்றான பிறகுதானே காலைப் பற்றிய கேள்வி பிறக்கும்!

நோயுற்ற எலும்புத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, அதே அளவில் உலோக எலும்பைப் பொருத்துவது புதிய முறை. அமெரிக்காவில் ஆஸ்டின் மூர், போல்மன் என்ற இரு மருத்துவர்கள் 1940-லேயே தொடை எலும்பின் மேற்பகுதிக்கு உலோகம் வைத்தார்கள். ஆனால் சீமைச் சரக்கின் விலை நம் நெசவாலைத் தொழிலாளியின் ஆயுட்காலக் கூலியல்லவா? சென்னையில் எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் அந்த உறுப்பை இங்கேயே, நோயாளியின் அளவுக்கே செய்யச் சொல்லி, நூற்றுக்கணக்கானோரின் காலைக் காத்தார். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எப்படிச் செய்கிறார்கள்? எக்ஸ்ரேயில் எலும்பின் நீளம், குழலின் அகலம் எல்லாம் அளக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம் கடைசலில் ஏறுகிறது. முழங்காலுக்குக் கீல் வைக்கிறார்கள். கீலுக்குள் பிளாஸ்டிக் புஷ். உறுப்பின் தண்டை எலும்புக் குழலுக்குள் இறக்கி எலும்புச் சிமெண்டால் பிடிக்க வைக்கிறார்கள். பட்டறையில் வேலை நடக்கும் வாரங்களில் பிள்ளைக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். ஒரு நாளும் வீணில்லை. வளரும் பிள்ளைக்குத் திருகி நீட்டத்தக்க உறுப்பும் உண்டு.

குறையே இல்லையா? உண்டு, மறைப்பானேன்! சீழ் பிடிக்கலாம்; ஆண்டுகள் போனால் புஷ் தேயும், தண்டு தளரும்; மறுபடி அறுவை வேண்டியிருக்கும். முக்கிய ரத்தக் குழாயையும் நரம்பையும் கட்டி வளைத்துக்கொண்டால் வெட்டுவதே உயிருக்கு நல்லது. நேரத்தோடு வந்தவர்க்கே இந்த வாய்ப்பு.

பணம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். எலும்புக் கட்டிக்கு உறுப்பு காக்கும் அறுவையும் அதில் அடக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் மகனோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் தந்தையின் கூலியை எந்த அட்டை தருகிறது? பாதியில் ஊர் திரும்புகிறவர்கள் பலர் நோய்க்குத் தோற்றவர்கள் அல்லர், அடுப்புக்குத் தோற்றவர்கள். சங்கங்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை ஒன்று செய்யலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பு இலவசம். துணைக்குப் போகிறவர் கால் பங்குக் கட்டணம் கட்டினால் போதும். சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். கிளைத் தோழர் ஒருவர் கூடப் போனால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தப் படிவத்தை நிரப்பித் தரலாம்.