இடுப்பெலும்பு முறிவும் மறுமுறை மருத்துவமனையும்

முதுமையில் நேரும் எலும்பு முறிவுகளுள் மிகக் கொடியது இடுப்பு முறிவு எனலாம். பெயர்தான் இடுப்பு; முறிவது தொடை எலும்பின் மேல்முனை. சுண்ணாம்புச் சத்துக் குன்றிய எலும்பு, நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்தாலே முறிந்துவிடும். ஆழத்தில் உள்ள இந்த எலும்பைப் புத்தூர்க் கட்டு நிறுத்தி வைக்காது. பெரும்பாலோர்க்கு ஆணியோ தகடோ செயற்கைப் பந்தோ பொருத்தும் அறுவையே வழி.

அறுவை முடிந்து வீடு வந்தவர்களுள் பலர் சில வாரங்களில் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். ஆணி விலகியதால் செல்வோர் சிலரே. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், காலில் இரத்தக்கட்டி, மறுபடியும் ஒரு வீழ்ச்சி ஆகியவையே பெரும்பாலோரை அங்கே கொண்டு சேர்க்கின்றன.

இவற்றுள் பலவற்றுக்கு வேர் படுக்கைதான். மல்லாந்து கிடப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. சளி தேங்கிக் கிருமிக்கு இடந்தருகிறது. கால் சிரைகளில் உள்ள இரத்தத்தை இதயம் நோக்கி மேலேற்றுவது கெண்டைக்கால் தசையின் அசைவு என்று விலங்கியலில் படித்தோமல்லவா? அசைவு நின்றால் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. "எலும்பு கூடும்வரை அசையாமல் கிடக்கட்டும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். ஆனால் ஆணி பொருத்துவதே நோயாளியை விரைவில் எழுப்பத்தான். மருத்துவக் காரணத்தால் தடை இருந்தாலன்றி, அறுவைக்கு மறுநாளே எழுப்பி நடக்கப் பழக்க வேண்டும் என்கிறது 2011இல் இங்கிலாந்தில் வெளியான தேசிய மருத்துவ நெறிமுறை.

யாரும் எளிதில் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. தண்ணீர்! என் அப்பத்தா அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் செம்பைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். குடித்தால் சிறுநீர் கழிக்க வேண்டும். அதற்கு மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சம். மூன்றாம் வாரம் காய்ச்சலும் பிதற்றலும் கண்டு மறுபடியும் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று என்றார்கள். நீர் குறைந்தால் தொற்று எளிதில் பற்றும், மலம் இறுகும், இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழுந்தவுடன் தலை சுற்றி விழவும் கூடும். கட்டிலருகே ஒரு கழிப்பு நாற்காலி வாங்கிப் போட்ட பிறகுதான் அவர் தயங்காமல் குடித்தார். (இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.)

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. இரத்தம் உறையாமலிருக்க ஊசி எத்தனை நாள், தையல் பிரிப்பது என்று, பழைய மாத்திரைகளுள் எதை நிறுத்துவது என்பனவெல்லாம் அதில் உள்ளன. அவற்றைத் தமிழில் எழுதி நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டினேன். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே காலை மாத்திரை அட்டையில் சூரியனும் இரவு அட்டையில் பிறையும் வரைந்து கொடுத்தேன்.

இரவில் கழிவறை வழியில் விளக்கு, ஈரமில்லாத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, அன்றாடம் முட்டையோ பருப்போ: இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

எலும்பை வலுவாக்கும் மருந்துதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், இடுப்பு முறிவு அறுவை முடிந்து 90 நாள்களுக்குள் சோலிட்ரானிக் அமிலம் என்னும் மருந்தைச் சிரைவழி செலுத்தத் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தனர். மருந்து பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடும், இறப்புகள் 28 விழுக்காடும் குறைவாக இருந்தன. எல்லார்க்கும் அது பொருந்தும் என்பதில்லை. சீட்டில் எலும்புக்கான மருந்து எதுவும் இல்லையென்றால், தையல் பிரிக்கப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.