காசிக்குப் போகாத கதாநாயகிகள்

கணவனை இழந்த இளம்பெண் மறுபடியும் ஒருவனை நேசித்தால் அவளுக்கு என்ன நேரும் என்ற கேள்வி இந்திய நாவலோடு கூடவே பிறந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் சாஸ்திரங்களைக் கொண்டே வாதாடி, 1856-ல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வரக் காரணமானார். அடுத்த ஆண்டே பாபா பத்மன்ஜியின் 'யமுனா பர்யடன்' வெளிவந்தது. மராத்தியின் முதல் நாவல் என்று சொல்லப்படும் அதில் யமுனா கணவனோடு ஊர் ஊராகப் போகிறாள். போன இடமெல்லாம் விதவைகள் படும் பாட்டைப் பார்க்கிறாள். பிறகு அவளே கணவனைப் பறிகொடுக்கிறாள். கடைசியில் அவளுக்கு மறுமணம் நடக்கிறது. ஆனால் பத்மன்ஜி கிறிஸ்தவத்தைத் தழுவியவர். யமுனாவின் மறுவாழ்வும் அந்த வழியாகத்தான் வருகிறது. இந்துக் குடும்பத்தின் கூடத்துக்குள்ளேயே ஒரு விதவைக்கு இரண்டாவது வாழ்வு கிடைப்பதாக எழுத, நாவலாசிரியர்களுக்கு நெடுங்காலம் கை வரவில்லை.

இந்தக் கதைகள் பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பங்களின் கதைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழகத்தின் பல சாதிகளில் அறுத்துக் கட்டும் வழக்கம் சட்டம் வருவதற்கு முன்பே இருந்தது. அச்சில் ஏறிய துக்கம், அந்த வழக்கம் இல்லாத வீடுகளின் துக்கம்.

வங்காளத்தில் பங்கிம் சந்திரர் இந்தப் பொருளை இரண்டு முறை தொட்டார். 1873-ல் நூலாக வந்த 'விஷவிருட்ச'த்தில் அநாதையான இளம் விதவை குந்தநந்தினியை நகேந்திரன் மணந்தே கொள்கிறான். அந்த மணம் மூத்த மனைவி சூரியமுகியின் வீட்டைக் குலைக்கிறது. குந்தநந்தினி விஷம் குடித்துச் சாகிறாள். 'கிருஷ்ணகாந்தன் உயில்' (1878) நாவலில் ரோகிணி என்ற விதவை, தன்னை அழைத்துப் போனவன் கையாலேயே சுடப்பட்டு இறக்கிறாள். இருவரின் ஆசையையும் மனக்கொதிப்பையும் பங்கிம் உயிரோட்டமாக எழுதியிருக்கிறார். எழுதிய பிறகு, அவர்கள் உயிரோடிருக்க அவர் இடம் தரவில்லை.

அடுத்த தலைமுறையில் சாவுக்குப் பதிலாகக் காசி வந்தது. தாகூரின் 'சோக்கேர் பாலி' 1903-ல் நூலானது. வினோதினி படித்தவள், கெட்டிக்காரி. தன்னை ஒரு காலத்தில் பெண் பார்க்கவே மறுத்த மகேந்திரனின் வீட்டுக்கு விதவையாக வந்து சேருகிறாள். அங்கே அவனும் அவன் மனைவி ஆஷாவும் கொஞ்சிக் குலவுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்கிறது. முகம்கூடச் சரியாகப் பழகாத கணவன் போனதைவிட, தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாழ்க்கை இன்னொருத்தியிடம் இருப்பதுதான் அவளை வாட்டுகிறது. விதவையின் துயரத்துக்குள் இப்படி ஒரு பொறாமையும் கோபமும் இருக்க முடியும் என்று காட்டியதுதான் தாகூரின் பெரிய சாதனை. கடைசியில் மகேந்திரனின் நண்பன் விஹாரி அவளை மணக்க முன்வருகிறான். அவள் மறுத்துவிட்டுக் காசிக்குப் போகிறாள். இத்தனை நூறு பக்கங்கள் திமிறிக்கொண்டு வந்தவளுக்கு இது பொருந்தாத முடிவு. பிற்காலத்தில் தாகூரே இதற்காக வருந்தினார். நாவலில் எழுதாததை அவர் வீட்டில் செய்தார்: 1910-ல் தம் மகன் ரதீந்திரநாத்துக்கு, சிறுவயதிலேயே விதவையான பிரதிமா தேவியை மணமுடித்து வைத்தார்.

சரத் சந்திரரின் 'பல்லி சமாஜ்' (1916) நாவலிலும் விதவை ரமா, ரமேஷை உள்ளூர நேசித்தும் ஊர்வாய்க்கு அஞ்சி அவனுக்கே எதிராகச் சாட்சி சொல்லி, கடைசியில் காசிக்குப் புறப்படுகிறாள். சரத்தின் விதவைகள் வாசகரை அழவைத்தார்கள். தமிழிலும் மொழிபெயர்ப்பில் அவர்களுக்காக அழுத வீடுகள் நிறைய. அழவைப்பதோடு கதை நின்றுவிட்டதுதான் குறை.

பிரேம்சந்தின் கதை இன்னும் துன்பமானது. 1907-ல் இந்தியில் வந்த 'பிரேமா'வில் அமிர்தராய் பூர்ணா என்ற விதவையை மணக்கிறான். பிரேம்சந்த் அதற்குமுன் 1906-ல் தாமே சிவராணி தேவி என்ற பால்ய விதவையை மணந்திருந்தார். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அதே கதையை 'பிரதிக்ஞா'வாகத் திருப்பி எழுதியபோது பூர்ணாவுக்குக் கல்யாணம் இல்லை. விதவைகளுக்காக அமிர்தராய் கட்டும் விடுதியில் அவள் அடைக்கலம் புகுகிறாள். கண்ணன் பக்தியில் மனம் ஆறுகிறாள். இரண்டாவது நூலில் எழுத்து முதிர்ந்திருக்கிறது; பூர்ணாவின் பங்கு மட்டும் குறைந்துவிட்டது. தம் சொந்த வாழ்க்கையில் துணிந்ததைக் கலையில் பின்வாங்கிக்கொண்ட எழுத்தாளரைப் பார்க்கும்போது, வாசகர் கூட்டத்தின் அழுத்தம் எத்தனை பெரிதாக இருந்திருக்கும் என்று தெரிகிறது.

இந்தப் பின்னணியில்தான் அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி'யை வைத்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் 1872-ல் பிறந்து, உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர் மாதவையா. இருபது வயதில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற பெயரில் 'விவேக சிந்தாமணி' இதழில் இந்தக் கதையைத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு தொடர் நின்றுபோனது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 'சோக்கேர் பாலி' வந்த அதே 1903-ல், 'முத்துமீனாட்சி' நூலாக வந்தது.

ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நாவல் இது. மராத்தியில் ஹரி நாராயண் ஆப்டே இதற்கு முன்பே ஒரு பால்ய மணப்பெண்ணைத் தன் வாயாலேயே பேசவைத்திருந்தார். அவர் நாவலில் யமு தலை மழிக்கப்பட்டு, நொந்து, இறந்துபோகிறாள். முத்துமீனாட்சி சாகவில்லை. அறியா வயதுக் கல்யாணம், மாமியார் கொடுமை, கணவன் சாவு எல்லாம் அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் எழுதப் படிக்கத் தெரிந்தவள். நடந்ததைத் தானே உட்கார்ந்து சொல்லத் தெரிந்தவள். சுந்தரேசனோடு அவளுக்கு மறுமணம் நடக்கிறது. கலை நுணுக்கத்தில் தாகூருக்குப் பக்கத்தில் மாதவையாவை நிறுத்த முடியாது. பிரச்சாரம் சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கிறது. இருந்தாலும் அந்த ஆண்டில் மகாகவி தயங்கிய இடத்தைத் தாண்டிப் போனவர் இந்த உப்பு இலாகா அதிகாரி. சென்னைப் பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் தம் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்து ஊர் விலக்கைத் தாங்கியிருந்தார்கள். அந்தத் தைரியம் நாவலுக்கும் ஒட்டியது என்று சொல்லலாம்.

அதன்பின் அறுபதாண்டு இடைவெளியில் சீர்திருத்த நாவல்கள் பல வந்தன. அவற்றில் பலவும் இன்று பெயரளவில்தான் நிற்கின்றன. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) அப்படி இல்லை. காவிரிக்கரை வேதபாடசாலை ஒன்றில் அப்பு பாடம் சொல்லிக்கொள்கிறான். அதை நடத்தும் பவானியம்மாளிடம் வளர்ந்த இளம் விதவை இந்து. சிறுவயது முதல் அவள் மனசில் இருப்பவன் அப்பு. அதை அவள் அழுது மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொல்கிறாள். அப்பு நடுங்கி ஓடுகிறான். சென்னையில் அம்மா அலங்காரத்தம்மாளின் வாழ்க்கையில் அவன் கண்டுகொள்ளும் உண்மை அவனை உடைக்கிறது. உடைந்தவன் திரும்பி வரும் இடம் இந்து இருக்கும் அதே பாடசாலை. இங்கே மனக்காயம் ஆற வேண்டியவன் ஆண், ஆற்றக்கூடியவள் விதவை. நாவலின் முடிவில் காசிக்குப் போவது யார் என்று பார்த்தால், கணவனோடும் பிள்ளைகளோடும் இருக்கும் அலங்காரத்தம்மாள். வங்க நாவல் விதவையை அனுப்பிவைத்த ஊருக்கு ஜானகிராமன் சுமங்கலியை அனுப்புகிறார். விதவையைக் காவிரிக்கரையில், அவள் விரும்பியவன் பக்கத்தில் நிறுத்திவைக்கிறார். தாலி, சடங்கு எதையும் அவர் காட்டவில்லை. சீர்திருத்தம் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' நாவல் அல்ல, சிறுகதை. ஆனாலும் இந்த வரிசையில் அதை விட்டுவிட முடியாது. நெய்வேலியில் ஆசிரியையாக வேலை பார்க்கும் விதவை கீதா, மறுமணம் செய்துகொள்ளப்போவதாகக் கடிதம் எழுதுகிறாள். அவள் அப்பா அவளைத் தலைமுழுகிவிடத் தயாராகிறார். தலை மழித்து, நார்மடி உடுத்தி வாழ்நாளைக் கழித்த கௌரிப் பாட்டி, மகனை விட்டுவிட்டுப் பேத்தியிடம் போவதென்று தீர்மானிக்கிறாள். குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது வாழ்வு கிடைக்க வேண்டுமானால் இன்னொரு பெண் அவள் பக்கம் நிற்க வேண்டும் என்பதை இந்தக் கதை உணர்ந்திருக்கிறது. சூரியமுகிக்கும் குந்தநந்தினிக்கும், ஆஷாவுக்கும் வினோதினிக்கும் நடுவே இல்லாமல் போனது அதுதான். கீதாவின் காதலனைப் பற்றி ஜெயகாந்தன் அதிகம் சொல்லவில்லை. கதையின் கனம் முழுவதும் பாட்டியின் முடிவில் இருக்கிறது.

இந்துவும் கீதாவும் இளம்பெண்கள், பிள்ளை இல்லாதவர்கள். நாற்பது வயதுக்கு மேல் துணையை இழந்து, கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒருவரை விரும்பத் தொடங்கும் பெண்ணைத் தமிழ் நாவல் இதே அளவு அக்கறையோடு எழுதியது குறைவு. அவள் வீட்டில் எதிர்த்து நிற்பது மாமியாராக இருக்காது, மகனாக இருக்கும். அப்பாவை இழந்த துக்கத்தில் அவனுக்கும் பங்கு இருப்பதால், அந்தக் கதையை எழுதுவது மாதவையா எடுத்துக்கொண்ட வேலையைவிடக் கடினமானது.