பஞ்ச நிவாரணமும் உழைப்புச் சோதனையும்

பசித்தவனுக்கு உணவளிக்கும் அரசு அவனிடமிருந்து உழைப்பைக் கேட்கலாமா என்னும் வினா பழையது. கேட்கலாம் என்போர் இரு காரணங் காட்டுவர். உழைப்பைக் கேட்டால் உண்மையாகவே தேவையுடையோர் மட்டும் வருவர் என்பது ஒன்று; இலவசமாய்ப் பெறுவோர் அதனையே சார்ந்து சோம்பியிருப்பர் என்பது மற்றொன்று. இங்கிலாந்திலே 1834ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட வறியோர் சட்டம் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டது. உடல் வலியுள்ள வறியவன் உதவி வேண்டின் வேலைவிடுதியிற் புகுதல் வேண்டும். அவ்விடுதி வாழ்வு வெளியிலே கூலி செய்வோனின் வாழ்வினுந் தாழ்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. இக்கொள்கை பஞ்சத்தால் வாடிய தென்னிந்தியாவிற் செயற்பட்டபோது நிகழ்ந்தது யாது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1876 முதல் 1878 வரை நிலவிய அப்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்பர். ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. நம் நாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாடிப் பெருந்தொகையினர் கடல் கடந்து வந்ததும் அக்காலத்தேயாம்.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபு, சேர் றிச்சட் ரெம்பிள் என்பவரைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பினார். இவர் கொடியவர் என்று எளிதிற் கூறிவிடலாகாது. 1873-74இல் வங்காளம், பீகார் ஆகிய பகுதிகளில் வறட்சி நேர்ந்தபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து மக்களைக் காத்தவரும் இவரே. அதற்காக அவர் பெற்ற பரிசு, அரசின் பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம். அக்கண்டனத்தின் வடு அவர் மனத்தில் இருந்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. தெற்கே வந்தவர் கைக்கொண்ட சிக்கனம் அத்தகையது.

நிவாரண வேலைத்தளத்திற் பகல் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவுமே அவர் வகுத்த கூலி. பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் அதனினுஞ் சிறிது குறைவு. தூரச் சோதனை என்பதும் உடன் வந்தது: உழைக்க வல்லோர் தம் ஊரிலிருந்து 10 மைலுக்கு அப்பாலுள்ள தளத்துக்கே போதல் வேண்டும். உண்மையாய்ப் பசித்தவன் அவ்வளவு தூரமும் வருவான் என்பது அதன் தருக்கம். பல நாட் பட்டினி கிடந்தவன் 10 மைல் நடப்பானா என்று அத்தருக்கம் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு மருத்துவர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த கோணிஷ் என்பார், மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்குக் குறைந்தது 1½ இறாத்தல் தானியமும், அதன்மேற் பருப்பும் காய்கறியும் வேண்டும் என வற்புறுத்தினார். முன்னர் இலங்கையிற் பத்திரிகைத் தொழில் புரிந்து பின்னர்ச் சென்னைக்குச் சென்ற வில்லியம் டிக்பி, தாம் நடத்திய பத்திரிகையில் நிவாரண முறைகளைக் கண்டித்து எழுதினார். சென்னை அரசாங்கம் 1877இலேயே 1¼ இறாத்தல் தானியமும் 1½ அவுன்சு பருப்பும் அளிக்க இசைந்தது. கோணிஷ் கேட்டதற்கும் ரெம்பிள் கொடுத்ததற்கும் சரி நடுவே நிற்கும் அளவு இது.

எனினும் அளவைப்பற்றிய இவ்வழக்கினும் ஆழமான பிழையொன்று உண்டு. உழைக்க வல்லவன், வல்லமையற்றவன் என மக்களை இரு கூறாக்கும் விதி, அவ்வல்லமை மாறாது நிற்பதொன்று எனக் கருதுகின்றது. பஞ்சத்திலோ அது நாடோறும் தேய்கின்றது. தை மாதம் மண்வெட்டி பிடித்தவன் பங்குனியில் எழுந்து நிற்கமாட்டான். அவனை வலியோர் பட்டியலிலிருந்து மெலியோர் பட்டியலுக்கு மாற்றுவார் யார்? எப்போது மாற்றுவார்?

பஞ்சத்தின் பின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1880இல் அளித்த அறிக்கையும், அதன்வழி எழுந்த பஞ்ச விதிக்கோவைகளும் இதற்கு ஓரளவு விடை கண்டன. உழைப்புச் சோதனை கைவிடப்படவில்லை. ஆயின் மக்களின் உடல் நலியுமுன்னரே வேலைத்தளங்களைத் திறத்தல் வேண்டும் என வற்புறுத்தப்பட்டது. குருடர், முடவர், சித்தம் பேதித்தோர், முதுமையாலோ மெலிவாலோ உழைக்கவியலாதோர், நோயாளரையோ குழந்தைகளையோ விட்டகலக் கூடாதோர், வழக்கங் காரணமாக வெளிவராத பெண்டிர் ஆகியோர்க்கு இலவச நிவாரணம் வகுக்கப்பட்டது. இப்பட்டியலைப் படிக்குந்தோறும் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் நினைவுக்கு வருகின்றான். அவனும் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர் என்போரைத் தானே கூவியழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டவன். விதிக்கோவையிலும் அவ்வழைப்பின் சாயல் உண்டு: விலக்குக்குரியோரை ஊரூராய்ச் சென்று கண்டு பட்டியலிடுதல் உத்தியோகத்தர் கடமையாயிற்று. யாம் மிகப் பெரிதாய் மதிப்பது இதனையே. சலுகைக்குரியோர் யாவர் எனத் தாளில் எழுதுதல் எளிது. நடக்கமாட்டாதவன் நடந்துவந்து தன் இயலாமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்றால் அவ்வெழுத்தாற் பயனென்ன?

உணவு மலிந்த நாட்டிலும் இவ்வினா ஓயவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், பிள்ளைப் பொறுப்பற்ற, உடல் வலியுள்ள 18 முதல் 49 வரை வயதினர் மாதம் 80 மணிநேரம் தொழிலிலோ பயிற்சியிலோ ஈடுபடாவிடின், மூன்றாண்டுகளில் மூன்று மாதங்களுக்கே அரசின் உணவுதவியைப் பெறலாம் என 1996ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 2023இல் மேல்வயதெல்லையை 54ஆக உயர்த்த வழிசெய்த சட்டமே, வீடற்றோர்க்கும் முன்னாட் படைவீரர்க்கும் விலக்களித்தது. 2025இல் அவ்விலக்குகள் நீக்கப்பட்டன. வயதெல்லை 64 ஆயிற்று. 14 வயது நிரம்பிய பிள்ளையின் பெற்றோரும் விதிக்குட்பட்டனர். உழைத்த மணிக்கணக்கைக் காட்டுஞ் சுமை உதவி பெறுவோரையே சாரும். தெருவில் உறங்குபவன் அக்கணக்குத் தாளை எங்கே வைத்துக் காப்பான் என்பதை அச்சட்டம் கூறவில்லை.