கரையோர எந்திரங்கள் - 9: நடுங்கும் குழாய்

தூத்துக்குடி திரேஸ்புரத்து நாட்டுப்படகில் இருக்கும் டீசல் எஞ்சினில், பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் எஃகுக் குழாய் பென்சில் தடிமன்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு முறை டீசல் பீய்ச்சும்போதும் அதற்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கும் மேலே ஏறி, உடனே இறங்குகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், ஒரு சிலிண்டரின் குழாய் மணிக்கு 45,000 முறை இப்படித் துடிக்கிறது. வளைவுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் நிமிரப் பார்க்கின்றன. உலோகம் களைத்துப்போய், நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் விடுகிறது.

விரிசல் விட்டால் புதுக் குழாய் மாட்டுகிறோம். கழன்றுபோன கிளாம்பைத் திரும்பப் போடாவிட்டால் புதியதும் உடையும். நட்டு எட்டவில்லை என்று குழாயை நெம்பி வளைத்து மாட்டினாலும் அதே கதிதான். உடைந்ததை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. உடைத்தது எது என்று பார்க்க வேண்டும்.

ஊருக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் இந்தப் பாடம்தான். 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் தலா 210 மெகாவாட் வீதம் மொத்தம் ஐந்து அலகுகள், 1050 மெகாவாட் ஆனது. இத்தகைய அலகுகளில் பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் ஃபீட் பம்ப் 150 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. பம்பின் இறக்கை ஒவ்வொன்றும் உறையின் விளிம்பைக் கடக்கும்போது தண்ணீரில் ஒரு துடிப்பு எழும். ஏழு இறக்கை உள்ள பம்ப் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 350 துடிப்பு. குழாயின் இயல்பான அதிர்வும் அதே வேகத்தில் அமைந்துவிட்டால், தாளம் தப்பாமல் ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். முதலில் உடைவது பெரிய குழாய் அல்ல. பிரஷர் கேஜுக்கும் வடிகாலுக்கும் பிரியும் சின்னக் கிளைக்குழாயின் வெல்டிங்.

உடனே நாலு கிளாம்ப் கூட்டிப் போடத் தோன்றும். ஆனால் சூடான குழாய் நீள்வதற்கு இடம் வேண்டும். அதை இறுக்கிக் கட்டினால் வெல்டிங் வேறோர் இடத்தில் கிழியும். ஆகவே முதலில் அதிர்வை அளக்க வேண்டும். நீரோட்டம் மிகவும் குறையும்போது பம்ப் தடுமாறினால், மறுசுழற்சிக் குழாயைத் திறந்து ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். இறக்கைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பாய்லர் தண்ணீரில் ரசாயனக் கரைசல் செலுத்தும் பிஸ்டன் வகை பம்புகளுக்கு, வாயு நிரப்பிய சிறு கலத்தைக் குழாயில் இணைத்தால் துடிப்பை அது வாங்கிக்கொள்ளும். இவற்றுக்குப் பிறகே குழாய்த் தாங்கிகளின் இடத்தை மாற்ற வேண்டும்.

வால்வைப் படக்கென்று மூடுவதும் குழாய்க்கு அடிதான். ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி 1898இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் இரும்புக் குழாயில் ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம் கூடுதலாக எழும். நிதானமாக மூடினால் அந்த அடி தணியும்.

எஞ்சின் ஓட்டும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. கடலுக்குப் புறப்படுமுன் நாசில் குழாயின் கிளாம்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது கசிவைத் தேடி விரலை வைக்காதீர்கள். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

(தொடரும்)